கூர் மங்காத சங்கிலி எந்தக் கடையில் விற்கிறது?

பனிநாடுகளில் வாழத் தலைப்பட்ட எம்மவர் பலருக்கு, ஊரில் இருந்தவரை அறிந்திராத கருவிகள் பல இன்று அன்றாடப் பழக்கத்துக்கு வந்துவிட்டன. அவற்றுள் ஒன்று சங்கிலி வாள். நோர்வேயிலும் கனடாவிலும் வீட்டு அடுப்புக்கு விறகு தறிப்போர், சுவிற்சர்லாந்திலும் ஜேர்மனியிலும் தோட்டப் பராமரிப்பு வேலைக்குச் செல்வோர், புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் வேலியோரம் விழுந்து கிடக்கும் மரத்தை அகற்றவேண்டிய வீட்டுக்காரர் என இக்கருவியைக் கையிலெடுப்போர் பலதிறப்பட்டவர். சங்கிலி வாங்கச் செல்லும்போது இவர்கள் எல்லோரிடமும் எழும் கேள்வி ஒன்றுதான்: நெடுநாள் கூர் மங்காத சங்கிலி எது?

கேள்வி நியாயமானது. ஆனால் விடை கேள்வியைப் போல் எளிதன்று. கடையில் தொங்கும் சங்கிலிகளுள் வேகமாக வெட்டுவது ஒன்று. நீண்ட நேரம் கூர் தாங்குவது வேறொன்று. மங்கிய பின் இலகுவாகத் தீட்டக்கூடியது இன்னொன்று. இம்மூன்று குணங்களும் ஒரே சங்கிலியில் முழுமையாக அமைவதில்லை. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். எதைக் கூட்டி எதைக் குறைப்பது என்பதைக் கடைக்காரர் தீர்மானிக்க முடியாது. வெட்டப்போகும் மரத்தையும் தமது கையின் பழக்கத்தையும் அறிந்தவரே தீர்மானிக்க வேண்டும். அத்தீர்மானத்துக்கு வேண்டிய சில விளக்கங்களை இங்கு தர முற்படுகின்றோம்.

ஒரு புழு கற்பித்த பாடம்

சங்கிலி வாள் ஜேர்மனியில் 1920களில் உருப்பெற்றது. அன்ட்ரியாஸ் ஷ்டீல் என்ற பொறியியலாளர் 1926 இல் மின்சாரத்தில் இயங்கும் வாள் ஒன்றையும், 1929 இல் பெற்றோலில் இயங்கும் வாள் ஒன்றையும் உருவாக்கினார். அக்காலத்து வாள்கள் ஐம்பது, அறுபது கிலோ எடையுடையவை. இருவர் சேர்ந்து தூக்கவேண்டியவை. காலப்போக்கில் எடை குறைந்தது. ஒருவர் தனித்துப் பிடிக்கக்கூடியதாயிற்று. ஆயினும் இயந்திரம் வளர்ந்த அளவுக்கு அதன் பல் வளரவில்லை. முற்காலச் சங்கிலிகளின் பற்கள், இருவர் இழுக்கும் கைவாளின் பற்களைப் போன்று மரத்தைக் கீறிக் கிழிப்பனவாகவே இருந்தன. கீறும் பல், துடைத்தெடுக்கும் பல் என அவற்றுள் பலவகை இருந்தமையால், ஒவ்வொன்றையும் வெவ்வேறு விதமாக அராவ வேண்டியிருந்தது. அவை விரைவில் மழுங்கின. தேர்ந்த கையும் நிறைந்த பொறுமையும் இல்லாதவரால் அவற்றை மீண்டும் கூராக்க முடியவில்லை.

இந்நிலையை மாற்றியவர் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலில் ஈடுபட்டிருந்த யோசெப் கொக்ஸ் என்பவர். மரத்தைத் துளைக்கும் வண்டொன்றின் புழு, மரநாரின் போக்கைப் பொருட்படுத்தாமல், குறுக்கேயும் நெடுக்கேயும் இலகுவாக அரித்துச் செல்வதை அவர் 1946 இல் அவதானித்தார். அப்புழுவின் இரு தாடைகளும் இடமும் வலமுமாக மாறிமாறிச் சீவுவதைக் கண்டு, அதே அமைப்பில் உருக்கினாற் பற்களைச் செய்தார். ஒரு பல் இடப்புறம் சீவ, அடுத்த பல் வலப்புறம் சீவும். 1947 இல் போர்ட்லண்ட் நகரில் அவர் தொடங்கிய நிறுவனமே இன்று ஒறிகன் என்ற பெயரில் உலகெங்கும் அறியப்படும் சங்கிலி உற்பத்தி நிறுவனம்.

கொக்ஸின் சங்கிலி விரைவாக வெட்டியது என்று மட்டும் பலர் எழுதுவர். எமது நோக்கில் அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அப்பல்லின் உட்புறம் வளைவாக அமைந்திருந்தமையால், சாதாரண வட்ட அரம் ஒன்றைக்கொண்டு காட்டில் ஒரு மரக்குற்றியின் மேல் இருந்தபடியே அதனைத் தீட்ட முடிந்தது. பட்டறைக்குக் கொண்டு செல்ல வேண்டிய கருவி தொழிலாளியின் கைக்குள் வந்தது. எளிதிற் தீட்டப்படக்கூடியது என்பதனாலேயே அச்சங்கிலி நிலைத்தது. இன்று நாம் வாங்கும் சங்கிலி எந்த நாட்டில் செய்யப்பட்டதாயினும் அதன் வழித்தோன்றலே. சுவிற்சர்லாந்தில் வாழும் வாசகர்களுக்கு ஓர் அயற்செய்தி: ஷ்டீல் நிறுவனம் ஜேர்மனியைச் சேர்ந்ததாயினும், அதன் சங்கிலிகள் சங்க் கலன் மாநிலத்திலுள்ள வில் நகரில் 1974 முதல் தயாரிக்கப்பட்டு வருகின்றன.

பல்லின் உடற்கூறு

சங்கிலிகளை ஒப்பிடுமுன் பல்லின் அமைப்பை அறிதல் வேண்டும். ஒவ்வொரு வெட்டுப்பல்லிலும் இரு பகுதிகள் உண்டு. பின்னால் நிற்பது மரத்தைச் சீவும் அலகு. முன்னால் நிற்பது ஒரு சிறு மேடு. இம்மேடு வெட்டுவதில்லை; அலகு எவ்வளவு ஆழத்துக்கு மரத்தினுள் இறங்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே அதனை ஆழமானி என்று அழைப்போம். அலகின் உச்சிக்கும் ஆழமானியின் உச்சிக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரும்பாலான சங்கிலிகளில் ஏறத்தாழ 0.65 மில்லிமீற்றர். இந்தச் சிறு இடைவெளியில்தான் வெட்டும் வேகமும் வெட்டுபவரின் பாதுகாப்பும் தங்கியுள்ளன.

அலகின் மேற்பரப்பிலும் வெளிப்பக்கத்திலும் கடினமான குரோமியப் பூச்சு உண்டு. பல்லின் உடல் உருக்கு. வெட்டும் விளிம்பு உண்மையில் இக்குரோமியப் படையின் விளிம்பேயாகும். உடல் ஓரளவு மென்மையாக இருப்பதனாலேயே அரம் அதனை அராவ முடிகிறது. பூச்சு மிகக் கடினமாக இருப்பதனாலேயே கூர் நிற்கிறது. இதனை அறியாதவர்கள், மேலிருந்து பார்க்கும்போது பல் பளபளப்பாக இருக்கிறது, ஆனால் வெட்டவில்லை என்று குறைப்படுவர். கல்லிலோ மண்ணிலோ பட்டு நுனியிலுள்ள குரோமியம் உதிர்ந்திருந்தால், அதன் பின்னால் எஞ்சுவது வெறும் உருக்கு விளிம்பு. அதனை எவ்வளவு பளபளப்பாக்கினாலும் சில நிமிடங்களில் மழுங்கிவிடும். பழுதுறாத குரோமியம் விளிம்புக்கு வரும்வரை பல்லைப் பின்னோக்கி அராவுவதே வழி.

ஒரு சங்கிலி படும் பாட்டை ஒரு சிறு கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். எட்டில் மூன்று அங்குல அளவில், அலகுத் தகட்டின் தவாளிப்பில் ஓடும் 72 கண்ணிகளைக் கொண்ட சங்கிலியை எடுத்துக்கொள்வோம். அதில் 36 வெட்டுப்பற்கள் இருக்கும். 18 இடம், 18 வலம். அதன் மொத்த நீளம் ஏறத்தாழ 1.37 மீற்றர். அது செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் ஓடுமானால், ஒரு செக்கனில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பற்கள் மரத்தைக் கடந்து செல்கின்றன. ஒரு கணம் மண்ணிற் பட்டாலும் எல்லாப் பற்களும் மண்ணிற் பட்டுவிடும் என்பது இதனாற் பெறப்படும்.

மூவகைச் சங்கிலிகள்

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். பல்லின் மேற்பரப்பும் பக்கமும் சந்திக்கும் மூலையைப் பொறுத்து, பாவனையிலுள்ள சங்கிலிகளைப் பெரும்பாலும் இரண்டாக வகுக்கலாம். இவற்றுக்கு அப்பால் உலோகத்தால் வேறுபட்டது மூன்றாவது.

முதலாவது, மூலை கூர்கோணமாக அமைந்த பல். இதனை உளிப்பல் எனலாம். மரநாரை முதலில் அறுப்பது இம்மூலையே. அது எவ்வளவு கூர்மையோ அவ்வளவு விரைவாக வாள் இறங்கும். சுத்தமான, பச்சையான, மென்மையான மரத்தில், குறிப்பாக ஊசியிலைக் காடுகளில் நிற்கும் மரத்தை வீழ்த்துவோர் இதனையே விரும்புவர். ஆனால் வேலையின் பெரும்பகுதி அந்த ஒரு மூலையிலேயே தங்கியிருப்பதனால், மூலை மழுங்கியதும் பல் முழுவதும் செத்துவிடுகிறது. சிறிது தூசு போதும். சில வெட்டுக்களிலேயே வேகம் விழுந்துவிடும். அமெரிக்காவின் பசுபிக் கரையோரத்தில் தேர்ந்த மரவெட்டிகள் சிலர் இதன் உட்புறத்தையும் வட்ட அரத்தால் அன்றிக் கோண அரத்தாற் சதுரமாகத் தீட்டுவர். அது எல்லாவற்றிலும் வேகமானது. அதனைத் தீட்டுவதும் எல்லாவற்றிலும் கடினமானது.

இரண்டாவது, மூலை சற்று உருண்டிருக்கும் பல். இதனை அரையுளிப்பல் எனலாம். உருண்ட மூலையில் தேய்மானம் பரவலாக விழுவதனால், கூர் மெல்ல மெல்லவே குறைகிறது. வேகம் உளிப்பல்லை விடக் குறைவு. ஆனால் பட்டையில் மண் ஒட்டிய மரம், காய்ந்து இறுகிய வன்மரம், பனியில் உறைந்த மரம், நிலத்திற் கிடக்கும் விறகு ஆகியவற்றுக்கு இதுவே ஏற்றது. தீட்டுவதிலும் இது பிழை பொறுக்கும். அரத்தின் கோணம் சிறிது மாறினாலும் உளிப்பல்லைப் போல் உடனே முரண்டு பிடிப்பதில்லை. எனவே புதிதாகப் பழகுவோருக்கும் ஆண்டில் சில நாட்கள் மட்டும் விறகு தறிப்போருக்கும் நாம் முதலில் எடுத்துக்கூற விரும்புவது இவ்வகையையே.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்தவேண்டும். ஒரு மணிநேர ஓட்டத்தில், சுத்தமான மரத்தில், உளிப்பல் முந்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நாள் முழுவதும், மண்ணும் தூசும் கலந்த விறகைத் தறிக்கும்போது, உளிப்பல்லை உடையவர் அடிக்கடி நின்று தீட்ட நேரிடுகிறது. அல்லது தீட்டாமல் அழுத்தி வெட்ட நேரிடுகிறது. மாலையில் அடுக்கப்பட்ட விறகை எண்ணினால் அரையுளிப்பல் பின்தங்கியிராது. வேகத்தை நிமிடக் கணக்கில் அளப்பதா, நாட்கணக்கில் அளப்பதா என்பதே வேறுபாடு.

மூன்றாவது, பல்லின் நுனியில் தங்ஸ்தன் காபைட் என்னும் மிகக் கடினமான சேர்வை பதிக்கப்பட்ட சங்கிலி. ஷ்டீல் நிறுவனத்தின் டூரோ வகை இதற்கு நல்ல உதாரணம். சாதாரணச் சங்கிலியை விட நான்கு மடங்கு வரை நீண்ட நேரம் இது கூர் தாங்கும் என அந்நிறுவனம் கூறுகிறது. மண் படிந்த வேர்ப்பகுதியை வெட்டுவோருக்கும், பழைய வீடுகளை இடிப்போருக்கும் இது பெரிதும் பயன்படும். ஆணி அடித்த கூரைகளை அறுத்துக்கொண்டு உள்ளே புகவேண்டிய தீயணைப்புப் படையினருக்கென இதன் உறுதிகூட்டிய வகையொன்றும் உண்டு.

கேட்டவுடன் எல்லோரும் இதையே வாங்கலாமே என்று தோன்றும். ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். விலை சாதாரணச் சங்கிலியைப் போற் பல மடங்கு. சுத்தமான மரத்தில் வேகம் குறைவு. கடினமானது எதுவோ அது நொறுங்கக்கூடியதாகவும் இருக்கும் என்பது உலோகவியலின் பால பாடம். கல்லில் ஓங்கிப் பட்டால் காபைட் நுனி மழுங்குவதில்லை, உடைந்து தெறிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சாதாரண அரம் இதில் வழுக்கிச் செல்லும். வைரத்தூள் பதித்த சாணை வேண்டும். அது காட்டில் இராது. பெரும்பாலான வீடுகளிலும் இராது. ஆக, இச்சங்கிலி மங்கும் நாளில் அதன் உரிமையாளர் கடைக்காரரின் கையை எதிர்பார்த்து நிற்கவேண்டும். கொக்ஸின் சங்கிலி தொழிலாளியின் கையில் கொடுத்த சுதந்திரத்தை இது திரும்பப் பெற்றுக்கொள்கிறது எனலாம். நாள்தோறும் அழுக்கு மரம் அறுப்போருக்கு இந்த விலை தகும். மற்றையோருக்கு, அதே பணத்தில் மூன்று நான்கு அரையுளிச் சங்கிலிகளும் ஒரு கட்டு அரங்களும் வாங்குவதே அறிவுடைமை.

இம்மூன்றுக்கும் அப்பால், வாளிலேயே பொருத்தப்பட்ட கல்லொன்றை அழுத்தினால் சில செக்கன்களில் தானே தீட்டிக்கொள்ளும் ஏற்பாடுகளும் சந்தையில் உள்ளன. அவற்றுக்கு அவற்றுக்கெனச் செய்த சங்கிலியே பொருந்தும். தோட்டத்தில் இரண்டு கிளை வெட்டுவோருக்கு அது போதும்.

கூரைத் தின்பவை எவை?

சங்கிலியின் ஆயுளைப் பற்றிப் பேசுவோர் மரத்தின் கடினத்தையே முதலிற் குற்றஞ்சாட்டுவர். உண்மையில் மரத்தை விட மண்ணே கூரின் முதற் பகை. ஓக் போன்ற வன்மரத்தைச் சுத்தமாக நாள் முழுவதும் வெட்டிய பின்னும் வேலை செய்யும் சங்கிலி, நிலத்தில் ஒருமுறை உராய்ந்ததும் பயனற்றுப் போகும். நிலத்தில் இழுத்துவரப்பட்ட மரத்தின் பட்டைக்குள் மணல் புகுந்திருக்கும். வீதியோர மரங்களின் பட்டையில் தூசு படிந்திருக்கும். கோடரியாற் பட்டையைச் சிறிது செதுக்கிவிட்டு வெட்டுவதும், குற்றியின் கீழ் ஒரு கட்டையை வைத்து நிலத்திலிருந்து உயர்த்துவதும், முக்காற் பங்கு வெட்டியபின் குற்றியைப் புரட்டி மறுபக்கத்தால் முடிப்பதும் சங்கிலியின் ஆயுளை இரட்டிப்பாக்கும் பழக்கங்கள். இவற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை.

மரத்தினுள்ளேயே மணலின் குணம் உறைந்திருக்கும் மரங்களும் உண்டு. எமது தென்னை அவற்றுள் ஒன்று. அதன் தண்டின் வெளிப்புறம் அடர்த்தியானது, சிலிக்காவும் கலந்தது. அதனாலேயே தென்னை அரியும் ஆலைகளில் காபைட் நுனியுள்ள வாள்களைப் பயன்படுத்துவர். பனையின் கறுத்த வைரத்தை வளையும் சலாகையுமாக்கிய எமது ஊர்த் தொழிலாளரைக் கேட்டால், வாளைத் தீட்டும் வேலையும் தொழிலில் ஒரு பங்கு என்றே சொல்வர். அவர்களுடைய அரத்துக்கு ஓய்வு இருந்ததில்லை.

இன்னொரு பகையும் உண்டு. அதனை எமது வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்கத் தேவையில்லை. பிரான்சின் லொறெயின், வோஜ் பகுதிகளில், உலகப் போர்களின்போது பாய்ந்த எறிகணைச் சிதறல்கள் மரங்களுக்குள் இன்றும் கிடக்கின்றன. மரம் இரும்பை மூடி வளர்ந்துவிட்டது. வெளியே வடுகூடத் தெரிவதில்லை. வாள் உள்ளே சென்று இரும்பில் மோதும்போதே அது வெளிப்படுகிறது. அத்தகைய மரத்தை மரவாலைகள் குறைந்த விலைக்கே கொள்வனவு செய்கின்றன. உலோகங்காட்டும் கருவிகொண்டு சோதிக்கின்றன. எமது மண்ணில் தலை கொய்யப்பட்டு நின்ற பனைகளை எண்ணும்போது, அவற்றுட் கிடக்கும் இரும்பு இன்னும் எத்தனை தலைமுறை வாள்களின் பல்லைப் பறிக்கும் என்ற எண்ணம் எழுவதைத் தவிர்க்க முடியவில்லை. இவ்விரும்பின் முன் எந்த விலையுயர்ந்த சங்கிலியும் நில்லாது.

அரமா, சாணையா?

மழுங்கிய சங்கிலியை என்ன செய்வது? சாணை இயந்திரத்திற் கொடுப்பது ஒரு வழி. அங்கு எல்லாப் பற்களும் ஒரே நீளத்துக்கும் ஒரே கோணத்துக்கும் கொண்டுவரப்படும். பலமுறை கையால் தீட்டிக் கோணல்மாணலாகிவிட்ட சங்கிலிக்கும், கல்லிற்பட்டுச் சிதைந்த சங்கிலிக்கும் அது நன்று. ஆனால் அவசரக்காரரின் கையில் சாணை ஆபத்தானது. கல் ஒரே இடத்தில் சிறிது கூடுதலாக நின்றால் பல் சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த விளிம்பு தன் பதத்தை இழந்தது. பின்னர் அரம் அதில் வழுக்கும், கூரும் நில்லாது. மேலும், ஒருமுறை சாணை பிடிப்பதில் இழக்கப்படும் உலோகத்தைக்கொண்டு பலமுறை அரத்தால் தீட்டலாம். பல் குறுகக் குறுகச் சங்கிலியின் ஆயுளும் குறுகும். எவ்வளவு குறுகலாம் என்பதைக் காட்ட, பல உற்பத்தியாளர் பல்லின் மேலேயே ஒரு கோட்டைப் பொறித்துள்ளனர். அக்கோட்டைத் தாண்டிய சங்கிலியைப் பாவிக்கலாகாது.

அரத்தால் தீட்டுவதே எமது பரிந்துரை. அதற்கு முதலில் பொருத்தமான அரம் வேண்டும். சிறு வாள்களில் வரும் தாழ்ந்த எட்டில் மூன்று அங்குலச் சங்கிலிக்கு 4 மில்லிமீற்றர், 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீற்றர், பெரிய எட்டில் மூன்று அங்குலச் சங்கிலிக்கு நிறுவனத்தைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மில்லிமீற்றர். சங்கிலி வந்த பெட்டியிலோ வாளின் கைந்நூலிலோ இது குறிப்பிடப்பட்டிருக்கும். கண்ணளவால் எடுத்த அரம் பல்லைக் கெடுக்கும்.

முறை வருமாறு: இயந்திரத்தை நிறுத்தி, மின்கலத்தில் இயங்குவதாயின் மின்கலத்தைக் கழற்றி, கையுறை அணிந்து, அலகுத் தகட்டை அசையாமல் இறுக்கிக்கொள்க. மிகக் குறுகிய பல்லைத் தேடி அதிலிருந்து தொடங்குக. மற்றவை அதன் நீளத்துக்கு வரவேண்டும். பெரும்பாலான சங்கிலிகளுக்குக் கோணம் 30 பாகை. அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேற்பரப்புக்கு மேலே தெரியவேண்டும். உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில் மட்டும் தள்ளுக. திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடவேண்டும். முன்னும் பின்னும் உராய்த்தால் அரமும் கெடும், விளிம்பும் கெடும். ஒரு பக்கத்துப் பற்களுக்கு எத்தனை தள்ளு கொடுக்கப்பட்டதோ மறுபக்கத்துக்கும் அத்தனையே கொடுக்கவேண்டும். இதில் தவறினால் வாள் நேராக வெட்டாது. வளைந்து ஒருபக்கம் இழுக்கும்.

காலத்தே தீட்டினால் பல்லொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று தள்ளு போதும். மேலே நாம் கண்ட 36 பற்களுக்கு நூற்றெட்டுத் தள்ளுக்கு மேல் வேண்டியதில்லை. பழகிய கைக்கு அது பத்து நிமிட வேலை. எரிபொருள் நிரப்பும்போதெல்லாம் ஒருமுறை பல்லைப் பார்ப்பதும், தேவைப்பட்டால் தீட்டுவதும் தேர்ந்த தொழிலாளரின் வழக்கம். முற்றாக மழுங்கும்வரை காத்திருந்தவர் பத்துத் தள்ளுத் தள்ளியும் பயன் காணமாட்டார்.

மூன்று நான்கு தடவைக்கு ஒருமுறை ஆழமானியையும் தட்டை அரத்தால் தாழ்த்தவேண்டும். அலகு பின்னோக்கித் தேயும்போது அதன் உயரமும் குறைகிறது. ஆழமானி பழைய உயரத்திலேயே நின்றால் அலகு மரத்தைத் தொடாது. கூரான பல் வெட்டாமலிருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுவே. ஆனால் ஆர்வ மிகுதியால் அளவுக்கு மேல் தாழ்த்துவது அதனிலும் பெரிய தவறு. பல் மரத்தை அதிகமாகக் கவ்வும், வாள் உதறும், அலகுத் தகட்டின் நுனி மரத்திற் பட்டு மேல்நோக்கி எகிறும் பின்னுதையின் ஆபத்தும் கூடும். சிறு தொகைக்குக் கிடைக்கும் அளவுத் தகடு ஒன்றை வைத்துத் தாழ்த்துவதே முறை. பல்லையும் ஆழமானியையும் ஒரே தள்ளில் தீட்டும் இரட்டை அரப் பிடிகளும் இப்பொழுது கிடைக்கின்றன. புதியவர்களுக்கு அவை நல்ல துணை.

மழுங்கிய பல்லின் விலை

கூர் குறைந்ததை அறிவது எங்ஙனம்? வாளிலிருந்து விழுவதைப் பார்த்தாற் போதும். கூரான பல் சீவல்களைத் தள்ளும். மழுங்கிய பல் மாவைப் போன்ற தூளைத் தள்ளும். கூரான சங்கிலி தானே மரத்தினுள் இறங்கும், மழுங்கியதை அழுத்தவேண்டும். வெட்டு வாயில் புகை எழுமானால் எல்லை எப்பொழுதோ கடந்துவிட்டது.

இங்கேதான் இவ்விடயம் வெறும் பணக்கணக்கிலிருந்து விலகுகிறது. அழுத்தி வெட்டுபவரின் உடல் நிலை குலைகிறது. மரம் திடீரென விடும்போது அவர் வாளோடு சேர்ந்து முன்னால் சரிகிறார். மழுங்கிய, சீரற்றுத் தீட்டிய சங்கிலி கூடுதலாக அதிர்கிறது. அவ்வதிர்வு கைவிரல்களின் இரத்த நாளங்களையும் நரம்புகளையும் தாக்கும். குளிரில் விரல்கள் வெண்மையாகி உணர்ச்சியற்றுப் போகும் இந்நோய், 1960களிலும் 1970களிலும் பல நாடுகளின் காட்டுத் தொழிலாளரைப் பீடித்தது. பின்லாந்தின் சுவோமுசல்மிப் பகுதியில் மேற்கொள்ளப்பட்ட தொடர் ஆய்வின்படி, 1972 இல் அங்குள்ள காட்டுத் தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பது பேரிடம் இந்த வெண்விரல் நோய் காணப்பட்டது. அதிர்வு தாங்கும் கைபிடிகளும் இலகுவான வாள்களும் வந்தபின், 1990 இல் அது நூற்றுக்கு ஐந்தாகக் குறைந்தது. இயந்திரத்தைச் செய்தவர்கள் தமது பங்கைச் செய்தனர். எஞ்சிய பங்கு அரத்தைப் பிடிப்பவருடையது. நல்ல கைபிடியையும் மழுங்கிய சங்கிலி தோற்கடித்துவிடும்.

எம்மவருள் புதிதாக இவ்வேலைக்குச் செல்வோர் ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். மொழி சரிவரத் தெரியாத புதியவர், மேற்பார்வையாளர் கொடுத்த வாளை அப்படியே வாங்கிக்கொண்டு, மழுங்கியிருந்தாலும் வாய்திறவாமல், தமது தோள்வலியால் ஈடுசெய்ய முயல்வது இயல்பு. நின்று அரத்தை எடுத்தால் சோம்பேறி என்று எண்ணுவரோ என்ற அச்சமும் உண்டு. அந்த அச்சம் ஆதாரமற்றது. தீட்டும் நேரம் வேலை நேரமே. தொழிலை அறிந்த எந்த மேற்பார்வையாளரும் அரத்தை எடுப்பவரைத் தொழில் தெரிந்தவர் என்றே மதிப்பார். சுவிற்சர்லாந்தில், பிறருக்காகக் கூலிக்குக் காட்டில் மரம் வெட்டுவோர் உரிய பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்ற சட்டவிதி 2022 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. ஜேர்மனியில் அரச காடுகளில் விறகு சேகரிக்கவும் பல மாநிலங்களில் சங்கிலி வாட் பயிற்சிச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. இத்தகைய பயிற்சிகளில் தீட்டும் முறையும் கற்பிக்கப்படுகிறது. வாய்ப்புக் கிடைப்போர் அதனை நழுவவிடலாகாது.

வெட்டுக் காப்பு நார் வைத்துத் தைத்த காற்சட்டையையும் இங்கு குறிப்பிடவேண்டும். அவை சங்கிலியின் வேகத்தைக்கொண்டு தரம் பிரிக்கப்படுகின்றன. முதலாம் தரம் செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்திலும் இரண்டாம் தரம் 24 மீற்றர் வேகத்திலும் ஓடும் சங்கிலியைக்கொண்டு பரிசோதிக்கப்படுகின்றன. தமது வாளின் வேகத்தை அறிந்து அதற்கேற்ற தரத்தை வாங்குக.

எதை வாங்குவது?

சுருக்கிக் கூறுவோம். வீட்டு விறகுக்கும் தோட்ட வேலைக்கும் அரையுளிப்பற் சங்கிலி. சுத்தமான நிற்கும் மரத்தை நாள்தோறும் வீழ்த்தும், தீட்டத் தெரிந்த கைக்கு உளிப்பற் சங்கிலி. மண்ணும் ஆணியும் தவிர்க்க முடியாத இடத்துக்கு மட்டும் காபைட் சங்கிலி. வாங்குமுன் அலகுத் தகட்டில் பொறிக்கப்பட்டுள்ள கண்ணி அளவு, தவாளிப்பின் அகலம், கண்ணிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு செல்க. இவற்றுள் ஒன்று தவறினாலும் சங்கிலி பொருந்தாது. ஒன்றுக்குப் பதிலாக இரண்டு அல்லது மூன்று சங்கிலிகளை ஒருங்கே வாங்கி மாறிமாறிப் பாவித்தால், அவற்றை ஓட்டும் பற்சில்லும் சங்கிலிகளும் ஒரே சீராகத் தேயும். ஒரு சங்கிலி மங்கும் வேளையில் மற்றொன்றை மாட்டி வேலையைத் தொடரலாம். மங்கியதை மாலையில் ஆறுதலாகத் தீட்டலாம். சங்கிலிக்கு எண்ணெய் வற்றாமற் பார்த்துக்கொள்க. சங்கிலி நீண்டுவிட்டது என்று நாம் சொல்வது, உண்மையில் அதன் தறையாணிகள் எண்ணெயின்றித் தேய்ந்துவிட்டன என்பதே.

மின்கல வாள் வைத்திருப்போர்க்கு இவை யாவும் இருமடங்கு பொருந்தும். பெற்றோல் வாளில் மழுங்கிய பல்லின் குறையை இயந்திரத்தின் வலு சிறிது மறைக்கும். மின்கல வாளில் மறைக்க இடமில்லை. மின்கலம் விரைவில் வற்றிவிடும்.

கூர் மங்காத சங்கிலி எந்தக் கடையிலும் இல்லை. நல்ல உருக்கும் நல்ல குரோமியமும் எமக்குச் சில மணித்தியாலங்களைத் தருகின்றன. அதற்குப் பின் அச்சங்கிலி எத்தனை மாதம் உழைக்கும் என்பதை, சில பணத்துக்கு வாங்கும் ஒரு வட்ட அரமும் அதனை ஒரே கோணத்தில் தள்ளப் பழகிய கையுமே தீர்மானிக்கின்றன. அப்பழக்கம் ஒரு வார இறுதியில் கைவரக்கூடியது. பழைய சங்கிலி ஒன்று வீட்டிற் கிடந்தால், இவ்வாரமே அதில் தொடங்கலாம்.